இந்தி, உருது பேசுவோரின் ஆங்கில வினைப் பிழைகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கிழக்குத் தில்லியில் ஒரு மாடி அறையில் பல ஆண்டுகளாக மாலை நேர ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்தி வருகிறேன். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வேலைக்கு வந்த இளைஞர்களும், பழைய தில்லியின் உருது பேசும் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களுமே அங்கு மிகுதி. ஆள் மாறினாலும் பிழை மாறுவதில்லை. ஒரே பிழையை நூறு முறை திருத்திய பிறகுதான், அதன் வேர் ஆங்கிலத்தில் இல்லை, மாணவரின் தலைக்குள் ஓடும் இந்தி வாக்கியத்தில் ஏதோ ஒரு சிறு சொல்லில் இருக்கிறது என்பது எனக்குப் புலப்பட்டது. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வட இந்தியப் பள்ளிகளிலோ வளைகுடா நாடுகளிலோ இத்தகைய மாணவர்களுக்குக் கற்பிக்க நேரும் தமிழ் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தியும் உருதும் எழுத்திலும் சொல்வளத்திலும் வேறுபட்டாலும் வினைச்சொற்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஆகவே கீழே உள்ளவை இரு சாராருக்கும் பொருந்தும்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை

பிழையான வாக்கியம் காதில் விழுந்தவுடன் திருத்தாதீர்கள். “இதை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டு, மாணவர் சொல்லும் இந்தி அல்லது உருது வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே ஆங்கில வாக்கியத்தை அவரையே தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் சரியாக இருந்து பேச்சில் மட்டும் தவறினால் அது அவசரம் அல்லது நாக்குப் பழக்கம். இலக்கணம் கற்பிப்பது வீண். இரண்டிலும் ஒரே தவறு என்றால் கீழே படியுங்கள்.

மாணவரின் தாய்மொழி உண்மையிலேயே இந்திதானா என்பதையும் கேட்டுவிடுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியின் கீழ் எண்ணப்பட்ட சுமார் 52.8 கோடிப் பேரில் 5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் தாய்மொழி போஜ்புரி என்று சொன்னவர்கள். அவர்களுக்கு இந்தியே பள்ளியில் வந்து சேர்ந்த மொழி. “வீட்டில்” என்ற சொல்லைக் கேள்வியில் விடாமல் சேர்ப்பது இதனால்தான்.

இந்திப் பிரசார சபையின் பிராத்மிக், மத்யமா தேர்வுகள் வழியாக இந்தி கற்ற நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. “ஜாதா” என்ற சொல்லின் கடைசியில் வரும் தா வேறு, “கயா தா” என்பதில் தனியே நிற்கும் தா வேறு. முன்னது வழக்கமான செயலைக் காட்டும் விகுதி. பின்னது மூச்சுக் காற்றோடு ஒலிக்கும், ‘இருந்தது’ என்று பொருள்படும் தனிச்சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் நம் காது அடிக்கடி ஏமாறும். இக்கட்டுரையில் பின்னதை ‘தனித் தா’ என்றே குறிப்பிடுகிறேன்.

அறிகுறி: தேவையில்லாத இடத்தில் ‘ஆம்’, ‘இஸ்’ முளைக்கிறது

“ஐ ஆம் அக்ரீ.” “ஹீ இஸ் கோ டு ஆபீஸ் டெய்லி.” “ஷீ இஸ் ஒர்க்ஸ் இன் பேங்க்.”

எளிய காரணம்: பள்ளியில் முதன்முதலாக வாயில் நுழைந்த ஆங்கிலம் “ஐ ஆம்” என்பதால், வினையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அது வெளியே வந்துவிடுகிறது. வாக்கியத்தை மெதுவாக மீண்டும் சொல்லச் சொன்னால் மாணவரே திருத்திக்கொள்வார். அத்துடன் விட்டுவிடலாம்.

அடுத்த காரணம், ‘இருக்கிறது’ என்று பொருள்படும் ‘ஹை’. “வஹ் ரோஸ் தஃப்தர் ஜாதா ஹை” என்பதில் கடைசியில் நிற்கும் ஹை, மாணவரின் மனத்தில் ‘இஸ்’ ஆக மாறுகிறது. சோதனை இது: கரும்பலகையில் உள்ள இந்தி வாக்கியத்தின் இறுதி ஹை-யை விரலால் மறைக்கச் சொல்லுங்கள். மிஞ்சுவது ‘ஜாதா’ போன்ற வினையானால் ஆங்கிலத்தில் ‘இஸ்’ கிடையாது. மிஞ்சுவது ‘டாக்டர்’, ‘தையார்’, ‘குஷ்’ போன்ற பெயரோ அடைமொழியோ ஆனால் ‘இஸ்’ இருக்க வேண்டும். ‘கொண்டிருக்கிறது’ என்பதுபோல் தொடர்ச்சியைக் காட்டும் ‘ரஹா’ மிஞ்சினால் ‘இஸ்’ஸும் வேண்டும், வினையில் ‘இங்’கும் வேண்டும். இந்த விரல் சோதனையைப் பெரும்பாலானவர்கள் ஒரே மாலையில் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் விரல் சோதனை ஏமாற்றும் இடங்கள் சில உண்டு. “மைம் ஸஹ்மத் ஹூம்” என்பதில் ஹை-யின் தன்மை வடிவமான ஹூம்-ஐ மறைத்தால் மிஞ்சும் ‘ஸஹ்மத்’ அடைமொழி. ஆங்கிலத்திலோ ‘அக்ரீ’ முழு வினை. “முஜே யாத் ஹை”, “முஜே பஸந்த் ஹை”, “முஜே மாலூம் ஹை”, “முஜே ஸரூரத் ஹை” ஆகியவையும் இவ்வகையே. இவற்றுக்கு விளக்கம் சொல்லி நேரத்தைக் கழிக்காமல், ‘அக்ரீ, ரிமெம்பர், லைக், நோ, நீட்’ என்ற ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வேன்.

நாள்பட்ட காரணம் பயிற்சி மையங்களின் காலப் பட்டியல். வாக்கிய இறுதியில் “தா ஹை, தீ ஹை, தே ஹைம்” வந்தால் இன்ன காலம், “ரஹா ஹை” வந்தால் இன்ன காலம், “சுகா ஹை” வந்தால் இன்ன காலம் என்று இந்தி விகுதியை அடையாளமாக வைத்தே ஆங்கில வினையின் ஃபர்ஸ்ட் ஃபார்ம், செகண்ட் ஃபார்ம், தேர்ட் ஃபார்ம் (கோ, வென்ட், கான் என்பதுபோல) ஆகியவற்றைக் கற்பிப்பது அங்கே வழக்கம். அப்படிப் பத்தாண்டு படித்தவருக்கு இந்தி வாக்கியம் இல்லாமல் ஆங்கில வாக்கியம் பிறக்கவே பிறக்காது. அந்தப் பட்டியலைப் பழித்துப் பேசிப் பயனில்லை. அவரிடம் உள்ள ஒரே ஏணி அதுதான். நான் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பயன்படுத்துகிறேன். ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்து இந்தியில் சொல்லச் சொன்னால், ஆங்கிலத்தில் இல்லாத ‘இஸ்’ இந்தியில் ஹை-யாகத் தோன்றுவதை மாணவர் தம் கண்ணாலேயே பார்ப்பார். இதற்குச் சில மாதங்கள் பிடிக்கும்.

அறிகுறி: எல்லாவற்றிலும் ‘இங்’

“ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்”, “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்” போன்றவற்றைத் தில்லிக் கடைவீதியில் யாரும் பிழையாகக் கருதுவதில்லை. ஆசிரியர்களே அப்படிப் பேசுகிறார்கள், நம் ஊரிலும் பேசுகிறோம். “ஸமஜ் நஹீம் ஆ ரஹா ஹை” என்று இந்தி சொல்லும்போது அந்த ‘ரஹா’ முற்றிலும் முறையானது என்பதால் மாணவருக்கு உறுத்தலும் இராது. வெளிநாட்டு நேர்காணலோ தேர்வோ இல்லாதவருக்கு இதை நான் கடைசியாகத்தான் திருத்துவேன். திருத்த வேண்டுமானால் ஒரே கேள்வி போதும்: “இதை ஐந்து நிமிடத்தில் நிறுத்த முடியுமா?” சாப்பிடுவதை நிறுத்தலாம், அதனால் “ஹேவிங் லஞ்ச்” சரி. அண்ணன் தம்பி இருப்பதை நிறுத்த முடியாது.

அறிகுறி: நேற்று நடந்த ஒவ்வொன்றுக்கும் ‘ஹேட்’

“எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு மார்க்கெட்.” “ஐ ஹேட் கம்ப்ளீட்டட் மை பி.காம். இன் 2019.”

தமிழ் ஆசிரியர் கவனிக்காமல் கடந்துபோகும் பிழை இது. ஏனென்றால் நாமே “நேற்று மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன்” என்று சொல்லிப் பழகியவர்கள். இந்தியில் “மைம் கல் பாஸார் கயா தா” என்பது மிக இயல்பான வாக்கியம். நடந்து முடிந்து இன்றைக்குத் தொடர்பில்லாமல் போன செய்திக்கு அந்தத் தனித் தா துணையாக நிற்கிறது. அதை மாணவர் அப்படியே ‘ஹேட்’ ஆக்குகிறார். ஆங்கிலத்தில் ‘ஹேட் கான்’ போல வினைக்குத் துணையாக வரும் ஹேட் தனியாக நிற்காது. கடந்த காலத்தில் வேறொரு நிகழ்ச்சியைக் காட்டி, அதற்கும் முன்னால் நடந்தது இது என்று சொல்வதற்காக மட்டுமே வரும்.

முதலில் பார்க்க வேண்டியது, மாணவர் ஹேட்-ஐ மரியாதைச் சொல்லாக நினைக்கிறாரா என்பது. சிரிக்காதீர்கள். ‘வென்ட்’ என்பது சின்னப் பிள்ளை ஆங்கிலம், ‘ஹேட் கான்’ என்பது ஆபீஸ் ஆங்கிலம் என்று நம்புகிறவர்கள் என் வகுப்பில் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அப்படியானால் ஒரு செய்தித்தாளின் முதல் பக்கத்தைக் கொடுத்து எத்தனை ஹேட் வருகிறது என்று எண்ணச் சொன்னால் போதும். வெறும் செகண்ட் ஃபார்ம்தான் பக்கம் முழுவதும் நிறைந்திருக்கும்.

அதில் தீராவிட்டால், ஹேட் வரும் ஒவ்வொரு முறையும் “எதற்கு முன்னால்?” என்று கேளுங்கள். “ஐ ஹேட் கான் டு மார்க்கெட்.” “எதற்கு முன்னால்?” பதில் இல்லையென்றால் ஹேட் போக வேண்டும். “அம்மா போன் செய்வதற்கு முன்னால்” என்று பதில் வந்தால் அம்மாவின் போனும் வாக்கியத்துக்குள் வர வேண்டும். ஒரு முறை கடையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் இந்தக் கேள்விக்குச் சற்று யோசித்து, “யாருக்கும் முன்னால் இல்லை மேடம்ஜீ, சும்மா போனேன்” என்றார். அன்றிலிருந்து “சும்மா போனால் வென்ட்” என்பது எங்கள் வகுப்பின் சூத்திரமாகிவிட்டது.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு சிக்கல் ‘கல்’. இச்சொல் நேற்றையும் நாளையையும் ஒருங்கே குறிக்கும். ‘பர்ஸோம்’ முந்தாநாளையும் நாளை மறுநாளையும் குறிக்கும். இந்தியில் வினையைப் பார்த்துத்தான் எந்தத் திசை என்று தெரியும். எனவே வினையில் காலத்தை அழுத்திக் காட்டும் பழக்கம் இவர்களிடம் வலுவானது. அதைப் பிழையாக எண்ணாமல், ஆங்கிலத்தில் ‘எஸ்டர்டே’ என்ற சொல்லே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்று காட்டுங்கள்.

அறிகுறி: “ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்”

ஒரே வாக்கியத்தில் இரண்டு பழுது. “மைம் தோ ஸால் ஸே யஹாம் ரஹ் ரஹா ஹூம்” என்ற இந்தி வாக்கியம் இரண்டுக்கும் பொறுப்பு. ‘ரஹ் ரஹா ஹூம்’ நிகழ்காலமாக இருப்பதால் ‘ஆம் லிவிங்’ வந்தது. ‘ஸே’ வந்ததால் ‘சின்ஸ்’ வந்தது. இந்த ஸே ஒரு கூலியாள் போல எல்லா மூட்டையையும் சுமக்கும்: தில்லி ஸே என்றால் தில்லியிலிருந்து, சாகூ ஸே என்றால் கத்தியால், முஜ் ஸே படா என்றால் என்னைவிடப் பெரியவன், ஸோம்வார் ஸே என்றால் திங்கட்கிழமையிலிருந்து, தோ கண்டே ஸே என்றால் இரண்டு மணி நேரமாக.

கடைசி இரண்டையும் பாருங்கள். தமிழில் ‘இருந்து’ வேறு, ‘ஆக’ வேறு. சின்ஸ், ஃபார் என்ற வேறுபாடு நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. இந்தி பேசுபவருக்கு இல்லை. எனவே “இது கூடவா தெரியாது” என்று நாம் எரிச்சலடைவது அநியாயம்.

சோதனை: சுவரில் நாட்காட்டியை மாட்டி, மாணவர் சொல்லும் காலத்தின் மேல் விரல் வைக்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை, 2021, தீபாவளி, காலை பத்து மணி என்று ஒரு புள்ளியில் விரல் நின்றால் ‘சின்ஸ்’. இரண்டு ஆண்டு, மூன்று மணி நேரம் என்று எண்ணிக்கை சொல்ல வேண்டியிருந்தால் ‘ஃபார்’.

ஆனால் பலரும் சின்ஸ், ஃபார் இரண்டையும் மட்டும் திருத்திவிட்டு வெற்றி பெற்றதாக நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் வினையைத்தான் முதலில் திருத்த வேண்டும். “ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்” என்றால் கேட்பவர், இரண்டு ஆண்டு தங்குவதற்காக வந்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளக்கூடும். “ஐ லிவ்ட் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்” என்றால் இப்போது இங்கே இல்லை என்றே பொருள். “ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்” ஒன்றுதான் இன்னும் இருக்கிறேன் என்று சொல்லும். விசா நேர்காணலில் இந்த மூன்றுக்கும் உள்ள தூரம் சிறியதல்ல.

அறிகுறி: “டிட் யூ வென்ட்?”, “வேர் யூ ஆர் கோயிங்?”

இந்தியில் கேள்வி கேட்க வாக்கியத்தின் முன்னால் ‘க்யா’ சேர்த்தால் போதும்; வினை இருந்த இடத்திலேயே இருக்கும், காலத்தையும் சுமந்தபடியே இருக்கும். ஆகவே ‘டிட்’ என்பதை மாணவர் ‘க்யா’ போன்ற வெறும் கேள்விச் சொல்லாக எண்ணி, ‘வென்ட்’டையும் விடாமல் பிடித்துக்கொள்கிறார். ரயில் நிலையத்துக் கூலியைச் சொல்லி விளக்குவேன்: மூட்டையை ‘டிட்’ தூக்கிக்கொண்டது, பின்னால் வருகிறவர் வெறுங்கையோடுதான் வர வேண்டும். ‘டஸ் ஹீ கோஸ்’ என்பதற்கும் இதே மருந்து.

இம்மருந்துக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. கேள்வியில் “வேர் ஆர் யூ கோயிங்” என்று சொற்களைப் புரட்டக் கற்றவர் அடுத்த வாரமே “ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ” என்று எல்லா இடத்திலும் புரட்டத் தொடங்குவார். அது முன்னேற்றத்தின் அடையாளம். ஒரு மாதம் பொறுத்துத் திருத்தினால் போதும்.

அறிகுறி: யார் செய்தது என்பதே மாறிப்போகிறது

“லாஸ்ட் இயர் ஐ மேட் மை ஹவுஸ்.” “ஐ கட் மை ஹேர்.” “த ஷாப் இஸ் ஓபன்ட் அட் டென்.” “மை பிரதர் லேர்ன்ட் மீ டிரைவிங்.”

இந்தி, உருது வினைகளின் உண்மையான செல்வம் இங்கேதான் இருக்கிறது. தமிழ் ஆசிரியருக்கு இயல்பான சாதகம் உள்ள இடமும் இதுவே. ‘டூட்னா’ உடைதல், ‘தோட்னா’ உடைத்தல். ‘குல்னா’ திறந்துகொள்ளுதல், ‘கோல்னா’ திறத்தல். இந்திப் பள்ளியில் படித்தவர் இவற்றை அகர்மக், ஸகர்மக் என்பார். உருது வழியில் படித்தவர் லாஸிம், முத்தஅத்தீ என்பார். நாம் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்போம். மாணவருக்குத் தெரிந்த பெயரிலேயே பேசுங்கள்.

ஆங்கிலத்தில் ‘பிரேக்’, ‘ஓபன்’, ‘ஸ்டார்ட்’, ‘ஸ்டாப்’, ‘பாயில்’ ஆகியவை இரண்டு வேலையையும் மாற்றமில்லாமல் செய்கின்றன. இது மாணவருக்கு நம்ப முடியாததாக இருக்கிறது. “துகான் தஸ் பஜே குல்தீ ஹை” என்று சொல்ல வரும்போது, வெறும் ‘ஓபன்ஸ்’ என்றால் யாரோ திறப்பதாகிவிடுமே என்று அஞ்சி ‘இஸ் ஓபன்ட்’ என்கிறார். “மீட்டிங் இஸ் ஸ்டார்டட்” என்பதும் இப்படியே: ‘ஷுரூ ஹோனா’ (தொடக்கம் ஆதல்) என்பதில் உள்ள ஹோனா ‘இஸ்’ ஆகிவிட்டது. சோதனை: செய்தவரின் பெயரைச் சொல்ல மாணவர் விரும்புகிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் ‘ஓபன்ஸ்’, ‘ஸ்டார்டட்’ என்று வெறுமனே விட்டுவிடலாம்.

இதற்கு நேர்மாறாக, ஆங்கிலத்தில் முற்றிலும் வேறு சொல்லாக இருக்கும் இணைகள்: ஸீக்னா, ஸிகானா என்பவை லேர்ன், டீச்; தேக்னா, திகானா என்பவை ஸீ, ஷோ; கிர்னா, கிரானா என்பவை ஃபால், டிராப்; கானா, கிலானா என்பவை ஈட், ஃபீட். இந்தியில் ஒரே வேரிலிருந்து கிளைப்பதால் ஆங்கிலத்திலும் ஒரே சொல் இருக்கும் என்று எதிர்பார்த்து ‘லேர்ன்ட் மீ’ என்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு இணைகளை எழுதி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

நாள் பிடிக்கும் பழுது ‘வா’. ஒரு நேர்காணல் ஒத்திகையில் மாணவர் ஒருவர் போன வருஷம் வீட்டை “மேட்” செய்ததாகச் சொன்னார். “நீங்கள் கொத்தனாரா?” என்றேன். திகைத்துப்போய், “நஹீம் மேடம்ஜீ, பன்வாயா” என்றார். அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. பனானா என்றால் தானே கட்டுதல், பன்வானா என்றால் ஆள் வைத்துக் கட்டுவித்தல். கட்வானா, ஸில்வானா, கர்வானா எல்லாம் இப்படியே. தமிழிலும் கட்டுவித்தான், செய்வித்தான் என்ற பிறவினை உண்டென்றாலும் அன்றாடப் பேச்சில் நாம் “வீடு கட்டினேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அவர்கள் பேச்சில் அந்த வேறுபாடு உயிரோடு இருக்கிறது; ஆங்கிலத்துக்கு வரும்போதுதான் தொலைகிறது. எனவே விதி எளிது: இந்தி வினையின் நடுவில் ‘வா’ கேட்டால், ஆங்கிலத்தில் ‘கெட்’ அல்லது ‘ஹேவ்’, அதன் பின் பொருள், அதன் பின் தேர்ட் ஃபார்ம். “ஐ காட் மை ஹேர் கட்.” “ஐ ஹேட் மை ஹவுஸ் பில்ட்.” இரண்டாவது வாக்கியத்தில் வரும் ஹேட், முன்னே சொன்ன ஹேட் அல்ல, அதனால் தொடக்கத்தில் ‘கெட்’, ‘காட்’ மட்டும் கற்பிப்பது நல்லது.

பெயர்ச்சொல்லோடு ‘கர்னா’ (செய்தல்) சேர்த்து வினையாக்கும் பழக்கத்தால் வரும் “ப்ளீஸ் டூ ஒன் சைன்”, “டூ வெயிட்” போன்றவை இவற்றோடு ஒப்பிட்டால் சிறு தொல்லை. ‘டூ’வை நீக்கிவிட்டு, எஞ்சியதே வினையாக நிற்குமா என்று பார்க்கச் சொன்னால் தீர்ந்துவிடும்.

அறிகுறி: ‘இஃப்’ வந்தால் ‘வில்’, அதுவும் இரண்டு

“இஃப் யூ வில் கம், ஐ வில் கோ.” “அகர் தும் ஆவோகே தோ மைம் ஜாவூங்கா” என்பதில் இரு பக்கமும் எதிர்காலம், ஆகவே இரு பக்கமும் வில். ‘இஃப்’, ‘வென்’, ‘அன்டில்’ ஆகியவற்றை ஒட்டிய ‘வில்’லைப் பென்சிலால் அடிக்கச் சொன்னால் இரண்டு வாரத்தில் சரியாகும்.

நடக்காத ஒன்றைச் சொல்லும்போதுதான் சிக்கல். “அகர் மைம் பட்தா தோ பாஸ் ஹோ ஜாதா” என்று இரு பக்கமும் ஒரே வடிவம் வருவதால், “இஃப் ஐ வுட் ஹேவ் ஸ்டடீட், ஐ வுட் ஹேவ் பாஸ்ட்” என்று இரு பக்கமும் வுட் போடுகிறார்கள். வேண்டாத இடமெல்லாம் ஹேட் போட்டவர்கள் வேண்டிய இந்த இடத்தில் போடமாட்டார்கள். “இஃப் ஐ ஹேட் ஸ்டடீட்” என்பதைக் கற்பிக்க, முதலில் ஹேட் நோய் குணமாகியிருக்க வேண்டும். வரிசையை மாற்றினால் இரண்டும் கெடும்.

அறிகுறி: “ஹீ ஸெட் தட் ஐ வில் கம்”

வரப்போவது யார்? சொன்னவரா, கேட்டவரா? இந்தியில் “உஸ்னே கஹா கி மைம் ஆவூங்கா” என்று ‘கி’க்குப் பின் அவர் பேச்சை அவர் வாயாலேயே சொல்வது முறை. தமிழில் ‘என்று’ போட்டு நாமும் அதையே செய்கிறோம் என்பதால் இதைத் திருத்தும் தகுதி எனக்கே முழுதாக இருப்பதாகத் தோன்றவில்லை. குறுக்கு வழியாக, ‘தட்’டை விட்டுவிட்டு “ஹீ ஸெட், ஐ வில் கம்” என்று சிறு இடைவெளியோடு சொல்லச் சொல்லுங்கள். பேச்சுக்கு அது போதும்.

அறிகுறி: ‘டு’வா, ‘இங்’கா என்ற தடுமாற்றம்

“ஐ என்ஜாய் டு ஸ்விம்”, “ஐ கேம் ஃபார் லேர்ன் இங்கிலீஷ்.” தைர்னா, ஸீக்னா என்று முடியும் ‘னா’ வடிவம் ஒன்றே ஆங்கிலத்தின் இரண்டு வடிவங்களுக்கும் ஈடாகிறது. ‘-க்காக’ என்று பொருள்படும் ‘கே லியே’ கேட்டால் ‘ஃபார்’ போடாமல் ‘டு’ போடச் சொல்லுங்கள். ‘என்ஜாய்’, ‘ஃபினிஷ்’, ‘அவாய்ட்’ ஆகியவற்றை ‘இங்’கோடு சேர்த்தே மனப்பாடம் செய்யட்டும். “லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்” என்ற மின்னஞ்சல் பிழையை நான் திருத்துவதையே நிறுத்திவிட்டேன். மேலாளர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள்.

அறிகுறி: வினையின் வால் உதிர்கிறது

“ஹீ ஒர்க்.” “ஐ ஆஸ்க் ஹிம் எஸ்டர்டே.” இங்கே எழுத்துச் சோதனை கட்டாயம். ‘ஆஸ்க்ட்’ என்ற சொல்லின் முடிவில் மூன்று மெய்கள் மோதுகின்றன. ‘ஸ்கூல்’ என்பதையே ‘இஸ்கூல்’ என்று உயிர் சேர்த்துத் தாங்கும் நாக்குக்கு அது பாரம். தாளில் சரியாக எழுதுகிறவருக்கு, அடுத்த சொல் உயிரில் தொடங்கும்படி வாக்கியம் அமைத்துப் பயிற்சி கொடுங்கள்: “ஆஸ்க்ட் அஸ்”, “ஒர்க்ஸ் இன்.” வால் அடுத்த சொல்லின் தலையாக ஒட்டிக்கொள்ளும்.

தாளிலும் ‘ஒர்க்’ என்றே இருந்தால், யாரைப் பற்றிய வாக்கியம் என்று பாருங்கள். நண்பனுக்கு ‘ஒர்க்ஸ்’ என்று சரியாக எழுதுகிறவர் தந்தைக்கு மட்டும் “மை ஃபாதர் ஒர்க்” என்று எழுதினால், அது மரியாதைப் பன்மை. “பிதாஜீ காம் கர்தே ஹைம்” என்று தந்தையைப் பன்மையில் சொல்லி வளர்ந்தவர் அவர். ஆங்கிலத்தில் தந்தையும் ஒருமைதான் என்று சொன்னபோது ஒரு மாணவி சற்று முகம் சுளித்தாள்.

எந்தக் கட்டத்தில் வேறொருவரிடம் அனுப்ப வேண்டும்

வால் உதிர்வது இந்தியிலும் உருதிலும் நிகழ்ந்தால், சொல்லின் கடைசி ஒலிகளைப் பின்னாலிருந்து சொல்லும்போது மாணவர் பிரித்தறியத் தவறினால், அது இலக்கணப் பழுதல்ல. காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் கேட்கும் திறன் சோதனைக்கு அனுப்புங்கள். தாய்மொழியிலேயே நேற்று நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல முடியாத குழந்தையைப் பேச்சுப் பயிற்சி வல்லுநரிடம் காட்டச் சொல்லிப் பெற்றோரிடம் பேசுங்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் திடீரென்று சொல் குழறி, வாக்கியம் கோர்க்க முடியாமல் தவித்தால் வகுப்பை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பக்கவாதத்தின் அடையாளமாக அது இருக்கலாம், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

வெளிநாடு செல்வோர் எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு ஆறு வாரமே இருக்கும் நிலையில் வருகிறவரிடம் எல்லாவற்றையும் திருத்தத் தொடங்காதீர்கள். அதன் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம்; இலக்கணம் நான்கு அளவுகோல்களில் ஒன்று. ஹேட், சின்ஸ், டிட் மூன்றையும் மட்டும் சரிசெய்துவிட்டு, மற்றதைத் தேர்வுப் பயிற்சியாளரிடம் விடுவதே நேர்மை.

பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், காவல் நிலையத்தில் தரும் புகார் ஆகியவற்றை மாணவர் தாமே ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்தால் நான் திருத்திக் கொடுப்பதில்லை. இந்தியிலேயே எழுதித் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கச் சொல்வேன். “ஐ ஹேட் பெய்ட்” என்பதா, “ஐ ஹேவ் பெய்ட்” என்பதா, “ஐ காட் இட் பெய்ட்” என்பதா என்று முடிவு செய்ய, பணத்தை யார் கையிலிருந்து யார் எப்போது கொடுத்தார்கள் என்பதை அறிந்திருக்க வேண்டும். அதைக் கேட்டு எழுதும் பொறுப்பு வகுப்பாசிரியருடையதல்ல.